அந்த லிட்டர் பாக்ஸ் எந்த ஸ்கூல்ல இருந்துச்சு?

கேள்வி: என் அக்கா பொண்ணு டல்லாஸ்ல பத்தாவது படிக்கிறா. போன மாசம் வீட்டுல "நான் ஒரு தேரியன், உள்ளுக்குள்ள நான் ஓநாய்"னு சொல்லிட்டாளாம், அன்னையிலேர்ந்து அக்கா சரியா சாப்பிடல. நெட்ல தேடினா அதர்கின், ஃபிக்‌ஷன்கின்னு என்னென்னமோ வருது, ஒருத்தர் டிராகன்ங்கிறார், ஒருத்தர் கார்ட்டூன் கேரக்டர்ங்கிறார். அங்க ஸ்கூல்லயே இந்தப் பிள்ளைங்களுக்காக லிட்டர் பாக்ஸ், அதான் வீட்டுப் பூனை ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற மண்ணுப் பெட்டி, வைக்கிறாங்கன்னு வாட்ஸ்அப்ல வீடியோ வேற வந்துச்சு. இது பைத்தியம் இல்லாம வேற என்ன சார்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதல்ல அந்த லிட்டர் பாக்ஸ் கதையை முடிச்சிடுவோம்மா, உங்க அக்கா சாப்பிடாம கிடக்கிறதுக்குப் பாதி காரணம் அதுதான்னு எனக்குத் தோணுது. அப்படி ஒரு ஸ்கூலை இதுவரைக்கும் யாரும் காட்டல. 2021 டிசம்பர்ல மிச்சிகன் மாநிலத்துல மிட்லண்ட்ங்கிற ஊர்ல ஸ்கூல் போர்டு கூட்டத்துல ஒரு பெற்றோர் எழுந்து, பாத்ரூம்ல லிட்டர் பாக்ஸ் வெச்சிருக்காங்களாம்னு கேள்விப்பட்டேன்னு பேசினாங்க, அடுத்த மாசமே அங்கிருந்த கல்வி அதிகாரி எங்க ஸ்கூல்ல அப்படி எதுவும் எப்பவும் இருந்ததில்லைன்னு பெற்றோர் எல்லாருக்கும் எழுதினார், ஆனா அதுக்குள்ள வீடியோ ஊர் ஊரா போயிடுச்சு. 2022 மார்ச்ல நெப்ராஸ்கா சட்டசபையில புரூஸ் போஸ்டல்மன்னு ஒரு உறுப்பினர் இதையே சபையில எடுத்துப் பேசி, அப்புறம் விசாரிச்சா பொய்னு தெரிஞ்சு மன்னிப்பு கேட்டார். அதே வருஷம் தேர்தல் நேரத்துல என்பிசி நியூஸ்ங்கிற அமெரிக்கச் செய்தி நிறுவனம் எண்ணிப் பார்த்தப்ப குறைஞ்சது 20 அரசியல்வாதிங்க இதைச் சொல்லியிருந்தாங்க. 2025ல உங்க அக்கா இருக்கிற டெக்சாஸ்லயே இதை வெச்சு ஒரு மசோதா வந்துச்சு, நிறைவேறல.

பூனை மண்ணு நிஜமாவே இருந்த ஒரு இடம் உண்டு, அதை நீங்க தெரிஞ்சுக்கணும். கொலராடோ மாநிலத்துல ஜெஃபர்சன் கவுண்டி, 1999ல கொலம்பைன் ஸ்கூல் துப்பாக்கிச்சூடு நடந்த அதே கவுண்டி, அங்க 2017லேர்ந்து வகுப்பறையில வைக்கிற அவசரகால வாளிக்குள்ள கொஞ்சம் பூனை மண்ணும் போட்டு வெச்சாங்க. எதுக்குன்னா, துப்பாக்கியோட ஒருத்தன் உள்ள வந்துட்டா கதவைப் பூட்டிக்கிட்டு மணிக்கணக்கா பிள்ளைங்க உள்ளேயே இருக்கணும், அப்ப ஒரு குழந்தைக்கு ஒண்ணுக்கு வந்தா வெளிய போக முடியாது, அந்த வாளியிலதான் போகணும். அந்த வாளியைப் பார்த்துப் பதறாத பெரியவங்க, இல்லாத பெட்டிக்காக வருஷக்கணக்கா பதறிக்கிட்டிருக்காங்க. எனக்கு இதுல ரொம்பக் கோபம் உண்டு, மறைக்க விரும்பல.

இப்ப உங்க அக்கா பொண்ணு சொன்ன வார்த்தைக்கு வர்றேன். தேரியன்னா, உடம்பு மனுஷ உடம்புதான்னு நல்லா தெரிஞ்சே, உள்ளுக்குள்ள தான் ஒரு விலங்குன்னு உணர்றவங்க. அதர்கின்ங்கிறது அதைவிடப் பெரிய குடை, அதுல எல்ஃப்னு ஐரோப்பியக் கதைகள்ல வர்ற காட்டு இனம், டிராகன், தேவதைன்னு எல்லாம் அடக்கம். இந்த வார்த்தை நேத்து டிக்டாக்ல முளைச்சதுன்னு நினைக்கிறீங்க போல, இல்ல. 1970கள்லயே அமெரிக்காவுல எல்ஃப் குயின்ஸ் டாட்டர்ஸ்னு ஒரு குழு தங்களை எல்ஃப்னு சொல்லிக்கிட்டு கடிதம் எழுதிக்கிட்டிருந்தாங்க, 1990ல கெண்டக்கி பல்கலைக்கழக மாணவர் ஒருத்தர் எல்ஃப்களுக்காக ஒரு மின்னஞ்சல் குழு ஆரம்பிச்சார், அதுல எல்ஃப் இல்லாத ஆளுங்களும் வந்து சேர, எல்ஃப், டிராகன், ஓர்க்ங்கிற கதை அரக்கன்னு ஒவ்வொண்ணா டைப் அடிச்சு அலுத்துப்போய் ஒருத்தர் போட்ட வார்த்தைதான் அதர்கின். தேரியன் கதை 1992ல தொடங்குது, ஓநாய்மனிதன் பேய்ப்பட ரசிகர்களுக்காக யூஸ்நெட்ங்கிற பழைய இன்டர்நெட் விவாத மேடையில ஆரம்பிச்ச ஒரு குழுவுல சில பேர் வந்து "எனக்கு இது படம் இல்லீங்க, நான் உணர்றதே இப்படித்தான்"ங்கிற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க. அன்னைக்குப் பேசினவங்கள்ல பலர் இன்னைக்கு நம்ம வயசுல இருப்பாங்க, வேலைக்குப் போயிட்டு வரி கட்டிட்டு.

எப்படி உணர்றாங்கன்னு கேட்டா அவங்க சொல்றது ரொம்பச் சின்னச் சின்ன விஷயம். நாற்காலியில உட்காரும்போது வாலு நசுங்குற மாதிரி இருக்கும்பாங்க, அங்க வால் இல்லைன்னு அவங்களுக்கே தெரியும், ஆனாலும் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாங்க. காலை இழந்தவங்களுக்கு இல்லாத கால் அரிக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஏன் இப்படின்னா ஆளுக்கொரு பதில், சிலர் முன்ஜென்மம்பாங்க, சிலர் மூளையும் மனசும் அமைஞ்ச விதம்பாங்க, சிலர் காரணம் தேடுறதையே விட்டுட்டாங்க. முன்ஜென்மம்னா நம்ம வீட்டுல யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதில்லையே.

பைத்தியம்னு எழுதியிருக்கீங்க. அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்துற டிஎஸ்எம் கையேட்டுல அதர்கின்னு ஒரு நோய் கிடையாது. கிளினிக்கல் லைகாந்த்ரோபின்னு அபூர்வமான ஒண்ணு உண்டு, அதுல நோயாளி தன் உடம்பே ஓநாயா மாறிடுச்சு, பல்லு நீளுது, முடி மொளைக்குதுன்னு நிஜமா நம்புவார், கண்ணாடியைக் காட்டினாலும் கேட்கமாட்டார். இந்தப் பொண்ணைக் கண்ணாடி முன்னாடி நிறுத்தினா என்ன தெரியுதுன்னு சொல்லுவா? ஒரு பத்தாவது படிக்கிற பொண்ணு தெரியுதுன்னுதான் சொல்லுவா. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

ஃபர்ரின்னு சொல்றது வேற. விலங்கு வேஷம் போட்டு, படம் வரைஞ்சு, மாநாடு நடத்தி ரசிக்கிற கூட்டம் அது, பெரும்பாலானவங்களுக்கு அது பொழுதுபோக்கு. சிலர் ரெண்டுலயும் இருப்பாங்க, அதுக்காக ரெண்டும் ஒண்ணு ஆயிடாது. நாலு கால்ல ஓடித் தாவுற குவாட்ரோபிக்ஸும் அப்படித்தான், அது ஒரு உடற்பயிற்சி, ஜப்பான்காரர் கெனிச்சி இட்டோ 2015ல 100 மீட்டரை நாலு கால்ல 15.71 செகண்ட்ல ஓடி கின்னஸ்ல பதிவு பண்ணியிருக்கார், அவரை யாரும் பைத்தியம்னு சொல்லல.

ஃபிக்‌ஷன்கின்தான் எல்லாருக்கும் ரொம்பக் குழப்பம். கதையில, அனிமேங்கிற ஜப்பான் கார்ட்டூன்ல, கேம்ல வர்ற ஒரு பாத்திரம் தானேன்னு உணர்றவங்க. நமக்கு ஒரு ஹீரோவைப் பிடிக்கும், அவர் மாதிரி முடி வெட்டிக்குவோம், இது அதுல சேராது. அவங்கள்ல சிலருக்கு அந்தப் பாத்திரத்தைப் பிடிக்கவே பிடிக்காது, வில்லனா இருக்கும், கொலைகாரனா இருக்கும், தன்னை அதுல பார்க்கிறதுக்கே கூசும். சும்மா ஜாலிக்கு "நானும் அவதான்"னு போடுற சின்னப் பசங்களும் இதே வார்த்தையை எடுத்துக்கிட்டாங்க, அதனால வெளியில இருக்கிறவங்களுக்கு எது எதுன்னே புரியாமப் போச்சு.

இன்னொண்ணு, "நாளைக்கு நான் ஹெலிகாப்டர்னு சொல்லுவேன், ஒத்துக்குவியா"ன்னு திருநங்கை திருநம்பிகளைக் கிண்டல் பண்ண ஒரு ஜோக் பல வருஷமா சுத்துது, அதர்கின்னைப் பத்தின பாதி கேலி அதுக்காகவே வளர்க்கப்பட்டது. லிட்டர் பாக்ஸ் வதந்தியும் அதே ரூட்லதான் வந்துச்சு. இவங்கள்ல பெரும்பாலானவங்க யார்கிட்டயும் எதுவும் கேட்கல, சட்டம் கேட்கல, தனி பாத்ரூம் கேட்கல.

அவ நிஜமாவே ஓநாயான்னு என்னைக் கேட்டா, அதைச் சோதிக்க என்கிட்ட கருவி இல்ல, தேவையும் படல. நான் கவலைப்படுறது வேற. ராத்திரி தூங்குறாளா, ஃபிரெண்ட்ஸ் இருக்காங்களா, ஸ்கூல்ல யாராவது குரைச்சுக் காட்டி அவளை அழ வெக்கிறாங்களா? அப்படி ஏதாவது இருந்தா கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டும், அந்தக் கஷ்டத்துக்காக, ஓநாய்ங்கிற வார்த்தைக்காக இல்ல. உடம்பே மாறுதுன்னு சொன்னா மட்டும் டாக்டரைப் பார்க்கிறதுல ஒரு நாள்கூட தாமதிக்க வேண்டாம்.

நீங்க சித்தி. அம்மாகிட்ட பேச முடியாததைச் சித்திகிட்ட பேசுற பிள்ளைங்க நிறைய. இந்த ஞாயித்துக்கிழமை போன் போட்டு, எப்ப முதல்ல இப்படித் தோணுச்சுடான்னு ஒரே கேள்வி கேட்டுட்டு, அவ பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேளுங்க. அதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு போன் போட்டு அந்த வீடியோ பொய்னு சொல்லி, சாப்பிட வைங்க.