பழைய நாடகப் புகைப்படங்களையும் அரங்க வடிவமைப்பு ஓவியங்களையும் பல்கலைக்கழக நூலகங்கள் எப்படிப் பாதுகாக்கின்றன? எங்கள் வீட்டில் தாத்தாவின் நாடகக் கம்பெனிப் படங்களும் படுதாக்களுக்காக அவர் போட்ட பென்சில் ஓவியங்களும் இருக்கின்றன, அவற்றை நான் என்ன செய்வது?

படிக்கிற காலத்தில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய ஆவணப் பிரிவில் இரண்டு வருடம் பகுதி நேரமாக வேலை பார்த்தேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை, துருப்பிடித்த குண்டூசிகளைக் கணக்கெடுப்பது.

சிரிக்காதீர்கள். உடை வடிவமைப்பாளர் ஓவியம் வரைந்ததும், "இந்தப் பாவாடைக்கு இந்தத் துணி" என்று ஒரு துண்டை மூலையில் குத்தி வைப்பார். தையல்காரருக்கு அதுதான் உத்தரவு. நாற்பது வருடம் கழித்து அந்த ஊசி துருப்பிடித்துத் துணியையும் தாளையும் சேர்த்துக் கறையாக்கிவிடும். அதற்காக உடனே பிடுங்கிவிடவும் கூடாது. எந்தத் துணி எந்த இடத்தில் இருந்தது என்று முதலில் போட்டோ எடுக்க வேண்டும். பிறகு ஊசியை எடுத்து, பழைய ஓட்டைகள் வழியாகவே மெல்லிய நூலால் தைப்பது அனுபவப்பட்டவர்களின் வேலை. என்னைத் தொடவே விடவில்லை.

இந்த ஓவியங்களை வரைந்தவர்கள் அவை நிலைத்திருக்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை. முதல் காட்சி மேடையேறியதும் அவற்றின் வேலை முடிந்தது. அதனால்தான் மட்டமான அட்டை, டிரேசிங் பேப்பர், செல்லோ டேப், டீ கறை எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். வழக்கமான பாதுகாப்பு முறைகள் இங்கே சில சமயம் எதிராகவே வேலை செய்யும். பாலியெஸ்டர் உறை பெரும்பாலான புகைப்படங்களுக்கு நல்லது. ஆனால் கரியிலோ பேஸ்டல் என்ற வண்ணச் சுண்ணக்குச்சியிலோ வரைந்ததை அதில் போட்டால் உறையின் நிலைமின்சாரம் வண்ணத் துகளை இழுத்துக்கொள்ளும். காப்பகத் தாள்களில் அமிலத்தைச் சமன்செய்யக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பார்கள், சாதாரணக் காகிதத்துக்கு அது மருந்து மாதிரி. அரங்கத் தரைப்படம் நீலநிற புளூபிரிண்டாக இருந்தால் அந்தக் காரத்தன்மையே நீலத்தை வெளிற வைத்துவிடும். நீர்வண்ண ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸைத் (ஒளி அளவின் அலகு) தாண்டக்கூடாது, அதுவும் சில மாதம்தான். அப்புறம் இருட்டுப் பெட்டிக்கே திரும்ப வேண்டும்.

புகைப்படங்களின் கதை வேறு. ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், முடிந்தவரை குளிர்ச்சி. நெகடிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை உடனே மற்றவற்றிடமிருந்து பிரிக்க வேண்டும். அதற்கும் முந்தைய நைட்ரேட் பிலிம் தீப்பிடிக்கும், அதற்குத் தனி ஏற்பாடு.

ஆக, ஒரே நாடகத்தின் ஓவியம் ஒரு அறைக்கும் புகைப்படம் இன்னொரு அறைக்கும் போய்விடுகின்றன. என்னைக் கேட்டால் இந்த வேலையில் பெரிய ஆபத்து பூச்சியோ ஈரமோ அல்ல, இவை இப்படிப் பிரிந்துபோவதுதான். ஏன் என்பதற்கு மோட்லி தொகுப்பைச் சொல்கிறேன். மார்கரெட் ஹாரிஸ், அவர் சகோதரி சோஃபி, தோழி எலிசபெத் மான்ட்கோமரி என்ற மூன்று பெண்கள் 1930களில் லண்டனில் "மோட்லி" என்ற ஒரே பெயரில் அரங்கமும் உடையும் வடிவமைத்தார்கள். 1935இல் பிரிட்டிஷ் நடிகர்கள் ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ வேடங்களை மாற்றி மாற்றி நடித்த ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்டு ஜூலியட்' இந்த மூவரின் கைவண்ணம்தான். அவர்களுடைய காகிதங்கள் இன்று அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 150க்கும் மேற்பட்ட தயாரிப்புகள், சுமார் 5,000 உருப்படிகள்: ஓவியங்கள், குறிப்புகள், புகைப்படங்கள், மேடைப் பொருள் பட்டியல்கள், துணித் துண்டுகள். பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம்.

அந்தக் காலத்து மேடைப் புகைப்படம் கறுப்பு வெள்ளை. நடிகர் எங்கே நின்றார், துணி எப்படி மடிந்து விழுந்தது என்பதை அது காட்டும், நிறத்தைக் காட்டாது. ஓவியம் நிறத்தைக் காட்டும். ஆனால் மேடைக்கு வந்தது அதேதானா, ஒத்திகையில் மாற்றினார்களா என்று அதற்குத் தெரியாது. துணித் துண்டுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது! மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த மேடை கண்ணுக்கு வரும். பெட்டிகள் எத்தனை அறைகளில் இருந்தாலும் நாடகம், ஆண்டு, காட்சி, பாத்திரம் என்று பட்டியலில் அவை ஒன்றாக இருந்தாக வேண்டும். எங்கள் நூலகத்தில் ஸ்கேன் செய்ய ஆனதைவிட இதற்குத்தான் மூன்று மடங்கு நேரம் ஆனது.

சரி, உங்கள் தாத்தாவின் நாடகக் கம்பெனிப் படங்களும், படுதாக்களுக்காக அவர் போட்ட பென்சில் ஓவியங்களும் பற்றி. முதலில் அவை இப்போது இருக்கிற வரிசையை அப்படியே போட்டோ எடுங்கள். ஒரே கவரில் ஓவியமும் படமும் சேர்ந்து இருந்தால் அதுவே ஒரு தகவல். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும், உள்சுவர் ஓரமாக வையுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த நாடகம் என்று தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார், இந்த வாரமே போய் உட்காருங்கள். அவர் சொல்வதைப் படத்தின் பின்பக்கம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா மட்டும் வேண்டாம்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே போட்டோ எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். எங்கள் பெரியப்பாவின் ராஜா வேடப் படத்தை இந்த வேலைக்குச் சேருவதற்கு முன்னால் நானே பிய்த்தேன். கிரீடம் என் கையில் வந்தது, முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.