மழைக்கு முன் லாரி டயர்: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

நாமக்கல்லில் டயர் கடையும் ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்குப் புது மேல்ரப்பர் ஒட்டுவது) பட்டறையுமாக எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஜூனில் கேரளாவிலும் கொங்கண் பக்கமும் மழை பிடித்துவிட்டால், அடுத்த மாதமே "வண்டி வழுக்குதுங்க" என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அப்போது சொல்வதை முன்னாடியே சொல்லலாமே என்று கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஓனர்களும் டிரைவர்களும் கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணா, ஆறு சக்கர வண்டி. முட்டை லோடு, வாரத்துக்கு மூணு நடை வாளையார் தாண்டி எர்ணாகுளம். முன் டயர் ரெண்டும் மாத்தணும். மழையில பிடிக்கிற டயரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடையில கேட்டா கம்பெனி பேரைத்தான் சொல்றாங்க.

பேரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் பட்டனை, அதாவது டயர் மேலே மேடும் பள்ளமுமாக இருக்கிற ரப்பரைப் பாருங்க. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் போகிறது. டயர் தரையில் படுகிற இடம் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அப்படியென்றால் ரோட்டில் ஓர் இடத்தை டயர் தொட்டுவிட்டு நகர, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் அடியில் இருக்கிற தண்ணீர் வெளியே போயாக வேண்டும். முன் டயருக்கு ரிப் டயர்தான் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். நீளவாக்கில் ஓடுகிற அகலமான பள்ளங்கள் தண்ணீருக்கு வாய்க்கால் மாதிரி. மூன்று பள்ளம் இருப்பதைவிட நான்கு இருப்பது நல்லது. நூல் மாதிரி மெலிந்த பள்ளமாக இருந்தால் எத்தனை இருந்தும் பிரயோஜனம் குறைவு.

வாய்க்கால் தண்ணீரை இறக்கிய பிறகும் ரோட்டில் ஒரு மெல்லிய ஈரப் படலம் நிற்கும். அதைத் துடைக்க, பள்ளங்களுக்கு நடுவில் மேடாக ஓடுகிற ரிப்பின் ஓரங்களில் பிளேடால் கீறின மாதிரி வெட்டுகள் இருக்கும். விரலை வைத்துத் தடவிப் பாருங்க, ஓரம் கூர்மையாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை அந்தக் கீறலுக்குள் விட்டுப் பாருங்க. சில டயரில் ரெண்டு மூணு மில்லிமீட்டரோடு நின்றுவிடும், பட்டன் கொஞ்சம் தேய்ந்ததும் கீறல் காணாமல் போகும். ஆழமாக இறங்குகிற டயரை எடுங்க.

கண்ணுக்குத் தெரியாதது ரப்பர் கலவை. நீண்ட ஓட்டம், டீசல் மிச்சம், ஈரப் பிடிப்பு, இந்த மூன்றில் ஒன்றை இழுத்தால் இன்னொன்று குறையும். சிலிக்கா சேர்த்த கலவை இதில் கொஞ்சம் சமாதானம் செய்து வைக்கும். "இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்பதை மட்டுமே சொல்லி விற்கிற டயரை மழை ரூட்டுக்கு முன்னால் போட நான் சொல்ல மாட்டேன். ஈரப் பிடிப்புக்கென்று ஒரு தர அளவை 2022இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது, ஏ.ஐ.எஸ். 142 என்று பெயர். லாரி டயரும் அதில் உண்டு. டியூப்லெஸ் 295/80 ஆர் 22.5 மாதிரி ஐரோப்பாவிலும் ஓடுகிற அளவு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. அங்கே 2021 மே மாதத்திலிருந்து லாரி டயருக்கும் லேபிள் கட்டாயம். அதே மாடல் அங்கே விற்கிறதா என்று தேடினால் ஈரப் பிடிப்பு ஏ முதல் ஈ வரை எந்த எழுத்து என்று தெரிந்துவிடும்.

மழை நேரத்துல காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டா பிடிப்பு கூடும்னு எங்க பழைய டிரைவர் சொல்வாரு. உண்மைங்களா?

மணலில் சிக்கினால் சரி, தார் ரோட்டு மழையில் தப்பு. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், பள்ளங்கள் நெருங்கி வாய்க்கால் அடையும், நடுவில் தண்ணீர் தேங்கும். டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்குகிற வேகமே காற்றைப் பொறுத்தது. காரில் 30 பவுண்டு காற்றுக்கு, வழவழப்பான டயர், தண்ணீர் நிற்கிற ரோடு என்றால் மணிக்கு 90 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மிதப்பு ஆரம்பிக்கும் என்பது கணக்கு. லாரியில் நூறுக்கு மேல் காற்று அடிக்கிறோம், அதனால் அந்த வேகம் மேலே போகிறது. அதை நாமே எதற்குக் கீழே இறக்க வேண்டும்? வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளந்து, கம்பெனி சொன்ன அளவை அடித்துவிடுங்க.

பத்து சக்கரம். பம்பாய்க்கு லோடு கொண்டு போறோம், திரும்பறப்ப பாதி நாள் எம்ப்டிதான். போன வருஷம் கசாரா காட் மலைப்பாதையில மழை. லோடோட போனப்ப ஒண்ணும் ஆகல. எம்ப்டியா வந்தப்ப பிரேக் தொட்டதும் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. டயர் அதேதான். ஏன் அண்ணே?

இந்தக் கேள்வியை எல்லா டிரைவரும் படிக்க வேண்டும். எங்கள் கடை வாசல் சிமெண்ட் தரையில் தண்ணீர் ஊற்றி, லோடு வண்டியின் பின் சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறேன். தரையில் விழுந்த தடம் நீளமான செவ்வகம். லோடு இறக்கிவிட்டு அதே வண்டியை அதே காற்றோடு மறுபடி ஏற்றினேன். அகலம் பெரிசாக மாறவில்லை, நீளம் பாதிபோலக் குறைந்து ஒரு பட்டை மாதிரிதான் விழுந்தது. காற்று முழு லோடுக்கு அடித்தது, மேலே சுமை இல்லை, அதனால் டயர் உருண்டையாக நின்றுகொள்கிறது.

நீளமான தடம் படகின் மூக்கு மாதிரி தண்ணீரைக் கிழித்துப் போகும். குட்டையாக அகலமாக இருக்கிற தடத்தில் தண்ணீர் பக்கவாட்டில் விலக நேரம் கிடைக்காது. லாரி டயருக்குக் காற்று அதிகம், அதனால் அது மிதக்கவே மிதக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். நாசாவில் விமான டயர்களை ஆராய்ந்த வால்டர் ஹார்ன் 1984இல் இந்த விஷயத்தை எழுதினார்: எம்ப்டி லாரி, நெடுஞ்சாலையில் அது சாதாரணமாக ஓடுகிற வேகத்திலேயே மிதந்துவிடும். காரணம் அந்தக் குட்டைத் தடம்.

உங்கள் வண்டியில் பிரேக் லோடுக்கு ஏற்ற பலத்தோடு இருக்கிறது, டயருக்குத் தரையில் பிடி இல்லை. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிட்டது. இதற்கு டயரில் செய்யக்கூடியது, ஹவுசிங்கில், அதாவது இன்ஜின் சுழற்றுகிற பின் சக்கரங்களில், நல்ல பட்டன் இருக்கட்டும். குறுக்கு வெட்டும் நடுவில் தொடர்ந்து ஓடுகிற பள்ளமும் சேர்ந்த பட்டனாக இருந்தால் நல்லது. ஓட்டுவதில் செய்யக்கூடியது அதைவிட முக்கியம். எம்ப்டியில் ஈர ரோட்டு இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தட்டாதீங்க. அது புகை போகிற வழியை அடைத்து இன்ஜின் மூலமாக வேகத்தைக் குறைப்பது, ஹவுசிங் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், பிடிமானம் போய் வண்டி குறுக்கே திரும்பும். மேலேயே கியரை இறக்கி மெதுவாக விடுங்க. தொப்பூர் இறக்கத்திலும் இதேதான். "எம்ப்டிதானே" என்று வேகம் கூட்டுகிற பழக்கத்தை மழையில் விட்டுவிடுங்க, கெஞ்சிக் கேட்கிறேன்.

அரியலூர் சிமெண்ட் லோடு, பன்னெண்டு சக்கரம். பின்னாடி எல்லாம் ரீட்ரெட்தான் ஓட்டறேன். மழைக்கு ரீட்ரெட் ஆகாதுன்னு சொல்றாங்களே?

ரீட்ரெட் என்பதாலேயே மோசம் கிடையாது. ஒட்டுகிற பட்டன் எது என்பதுதான் கேள்வி. பட்டறைக்குப் போனால் "எது மலிவு" என்று கேட்காமல், கோல்டு புராசஸில் (முன்கூட்டியே வார்த்த பட்டனை ஒட்டுகிற முறை) ஆழமான குறுக்கு வெட்டு உள்ள பட்டனைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. ஹவுசிங்குக்கும், இன்ஜின் சுழற்றாமல் சும்மா உருளுகிற டம்மி சக்கரத்துக்கும் தாராளமாகப் போடலாம். முன்னால் மட்டும் வேண்டாம். இது என் பிழைப்பே ரீட்ரேடிங் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஜோடி டயரில் ஒன்று புதுப்பட்டன், இன்னொன்று தேய்ந்தது என்று போடாதீங்க. பெரிய டயர் எல்லாச் சுமையையும் தூக்கிக்கொள்ளும், சின்னது தரையை உரசிக்கொண்டு சும்மா வரும். மழையில் அந்த ஜோடி ஒற்றை டயருக்குச் சமம். உள் டயரின் காற்றை யாரும் பார்ப்பதில்லை, அதையும் பாருங்க.

அண்ணா, புதுசா வண்டி எடுத்திருக்கேன், கையில காசு இல்ல. செகண்ட்ல ரெண்டு டயர் வந்துச்சு, பட்டன் நல்லா ஆழமா இருந்துச்சு. வாங்கி முன்னாடி போட்டுட்டேன். ஒருத்தர் பாத்துட்டு "கட்டிங் போட்டது" ங்கறார். என்ன செய்ய?

இன்றைக்கே கழற்றிவிடு தம்பி. மொட்டை டயரில் சூடான பிளேடு வைத்துப் புதுசாகப் பள்ளம் கீறி விற்பதுதான் கட்டிங். போன மாதம் ஒரு பையன் இதே மாதிரி ஒரு டயரைக் கொண்டுவந்தான். பள்ளத்துக்குள் டார்ச் அடித்தேன். மேலே ரப்பர் கறுப்பாக வழவழவென்று இருந்தது, அடியில் பொடிப்பொடியாகச் செம்பழுப்பு. கம்பி துருப்பிடித்த நிறம் அது. பிளேடு ரப்பரைத் தாண்டி அடியில் இருக்கிற கம்பி பெல்ட் வரைக்கும் இறங்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய் கம்பியைத் தின்னும். ஒருநாள் பட்டனோடு பெல்ட் உரிந்து வரும், முன் சக்கரத்தில் அப்படி நடந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

கண்டுபிடிக்க, தேய்மான அடையாளத்தைத் தேடு. கம்பெனி டயரில் பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும். கட்டிங் போட்டதில் அதை வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் மேடு ஒரு ஆழத்திலும் பள்ளம் வேறு ஆழத்திலும் இருக்கும். கம்பெனியே இதற்கென்று அடியில் கூடுதல் ரப்பர் வைத்து, பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் "ரீகுரூவபிள்" என்று அச்சடித்த டயர்கள் உண்டு. அந்த எழுத்து இல்லாத டயரில் பிளேடு படவே கூடாது. காசு இல்லை என்றால் பின்னாடி இருக்கிறதில் நல்ல ஜோடியை முன்னால் மாற்று, பின்னாடிக்கு ரீட்ரெட் வாங்கு. அந்தச் செலவில் முடிந்துவிடும்.

வணக்கம் அண்ணா. எங்க வீட்டுக்காரர் பொலிரோ பிக்கப்ல ஒட்டன்சத்திரத்துல இருந்து மூணாறுக்குக் காய் ஏத்தறார். ரெண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னாடி போடறதா, பின்னாடியான்னு கேக்கச் சொன்னார்.

வணக்கம்மா. லாரிக்குச் சொன்னதை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீங்க. பெரிய லாரிக்கு நல்ல டயர் முன்னால். பிக்கப் மாதிரிச் சின்ன வண்டிக்குப் புது ஜோடியைப் பின்னால் போடுங்க. முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராக ஓடப் பார்க்கும், டிரைவருக்குக் கையிலேயே தெரியும், காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சுதாரிக்க நேரமே இருக்காது. காய் இறக்கிவிட்டுக் காலியாக இறங்கும்போது பின்பக்கம் லேசாக இருக்கும், அதனால் இன்னும் அவசியம். இதெல்லாம் முன் டயரிலும் நாலு மில்லிமீட்டராவது பட்டன் இருந்தால்தான். அது மொட்டை என்றால் நாலையும் மாற்றுகிற வரைக்கும் மலைக்கு அனுப்பாதீங்கம்மா.

திருச்செங்கோடு போர்வெல் வண்டிங்க. லக் டயர் போட்டிருக்கோம், தார் ரோட்ல மழையில வழுக்குது.

வழுக்கும்தான். கட்டை கட்டையாகப் பட்டன் உள்ள லக் டயர் காட்டுக்குள் சேற்றைப் பிடிக்கச் செய்தது. தார் ரோட்டில் தொடுகிற பரப்பு குறைவு. முன்னால் ரிப், பின்னால் மட்டும் லக் என்று மாற்றிக்கொண்டு, ரோட்டில் மெதுவாகப் போங்க.

பழைய ஸ்டாக் டயர் குறைச்சு தர்றாங்க. வாங்கலாமா?

பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. ரெண்டு வருஷத்துக்குள், நிழலில் வைத்திருந்தது என்றால் வாங்கலாம். நாலைந்து வருஷம் ஆனதை முன்னால் போடாதீங்க. ரப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்க, தடம் விழாத ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

சட்டப்படி எத்தனை மில்லிமீட்டர் இருக்கணும்?

1.6. மத்திய மோட்டார் வாகன விதி 94. அது சட்டத்துக்கு, மழைக்குப் போதாது. அமெரிக்காவில் லாரியின் ஸ்டியரிங் டயருக்கு மட்டும் தனியாக 3.2 வைத்திருக்கிறார்கள். என் கணக்கு, மழை தொடங்கும்போது முன்னால் அஞ்சு, பின்னால் மூணு.

நான் டிரைவர் அண்ணே, ஓனர் இல்ல. முன் டயர் போயிருச்சுன்னு சொன்னா "இன்னும் பட்டன் இருக்கு, ஓட்டு" ங்கறார். எப்படிச் சொல்றது?

வழுக்குது என்று சொன்னால் ஓனருக்குப் பயமாகக் கேட்கும், கோபம் வரும். மில்லிமீட்டராகச் சொல்லுங்க. முன் டயரை அஞ்சு மில்லிமீட்டரில் இறக்கினால் அது வீணாகப் போவதில்லை, டம்மிக்குப் போய் மிச்சத்தையும் ஓடிவிட்டுத்தான் வரும். மூணில் கழற்றினால் கேசிங், அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கிற டயரின் உடம்பு, நல்லபடி இருக்கும், ரீட்ரெட் ஏறும். மொட்டையாகும் வரை ஓட்டிக் கம்பி தெரிந்துவிட்டால் எந்தப் பட்டறையும் அதைத் தொடாது, கேசிங் காசு முழுசாகப் போச்சு. நல்ல ஓனருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

ஆழம் அளக்கிற கேஜ் இல்லையென்றால் வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கிட்டு வாங்க. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து நிறுத்தினால் போதும், ஜாக்கிகூட வேண்டாம். ஒவ்வொரு பள்ளத்திலும் மூணு இடத்தில் அளந்து, வண்டி நம்பரும் தேதியும் போட்டு ஒரு சீட்டு எழுதித் தருகிறேன். அதற்குக் காசு கிடையாது. ஓனர் கையில் அதைக் கொடுங்க.