கண் அழுத்தம் 18 என்றால் கிளாக்கோமா இல்லை என்று அர்த்தமா?

இல்லை, அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கிளாக்கோமா என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு சேதமாகிப் பார்வையைப் பறிக்கும் நோய். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள், ஆனால் 21-ஐத் தாண்டியும் நரம்பு பாதிக்காமல் இருப்பவர்களும் உண்டு, அதற்குள்ளேயே இருந்து பார்வையை இழப்பவர்களும் உண்டு.

எப்படி அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். புஸ்ஸென்று காற்றடிக்கும் கருவி முதல்கட்டச் சோதனைக்குப் போதும். சந்தேகம் என்றால் கோல்ட்மேன் டோனோமீட்டர்தான்: மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல ஒளியில் ஒரு சின்ன முனையைக் கருவிழியில் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம், கார்னியா) மெல்லத் தொட வைப்பார்கள். டாக்டருக்கு இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும், அவற்றின் உள்விளிம்புகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வரும் அளவுதான் உங்கள் அழுத்தம். அப்போது மூச்சை அடக்கினாலோ கண்ணை இறுக்கினாலோ, ஏன், சட்டைக் காலர் கழுத்தை நெரித்தாலோகூட எண் ஏறிவிடும்.

கருவிழி மெலிதாக இருந்தால் உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் அதன் தடிமனையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள் (சராசரி சுமார் 540 மைக்ரான்). அப்புறம், அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, காலையில் ஒன்று மாலையில் ஒன்று.

பார்வை நரம்புப் பரிசோதனை, ஓசிடி ஸ்கேன் (நரம்பிழைகளின் தடிமனை ஒளியால் அளப்பது), பார்வைப் புலச் சோதனை (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) எல்லாம் சேர்ந்துதான் முடிவு. நோய் உறுதியானால் 21-ஐ மறந்துவிடுங்கள், நரம்பின் நிலையைப் பார்த்து உங்களுக்கென்று ஓர் இலக்கு அழுத்தம் வைப்பார்கள். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பதற்குத்தான் சொட்டு மருந்து. வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தாலோ, ஸ்டீராய்டு எடுப்பவராக இருந்தாலோ அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.