துவக்குக்கு முன் வளையைப் பாருங்கள்: கிரவுண்ட்ஹொக் கேள்வி-பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தோட்டம் செய்யும் வாசகர்கள் பலர் இம்முறை ஒரே விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அணில் குடும்பத்தைச் சேர்ந்த கிரவுண்ட்ஹொக்தான் அது. குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கிக் கிடந்துவிட்டு, பசியோடு எழுந்து வந்து பயிரில் வாய் வைக்கும் நான்கைந்து கிலோ உருண்டை.

கேள்வி: ஒன்ராறியோவின் லண்டன் நகருக்கு அப்பால் 20 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சோயா விதைத்திருக்கிறோம். ஓரத்தில் ஆறு வளைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி முளைத்த பயிரெல்லாம் மொட்டையாகிவிட்டது. துவக்கு உரிமம் எடுத்துவிட்டேன். கடைக்காரர் .223 ரைபிள் வாங்கச் சொல்கிறார், நண்பர் அதைவிட வலுக்குறைந்த .22 போதும் என்கிறார் (எண்கள் சன்னத்தின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை). எதை வாங்கலாம்?

பதில்: முதலில் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வளை என்றால் ஆறு விலங்குகள் என்று அர்த்தமில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு முதல் ஐந்து வாசல்கள்கூட இருக்கும். தலைவாசல் ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலமாக, முன்னால் மண்மேட்டோடு இருக்கும். மற்றவை உள்ளேயிருந்து தோண்டப்பட்டவை என்பதால் வெளியே மண்ணே இல்லாமல் புல்லுக்குள் மறைந்திருக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி எல்லா வாசல்களிலும் திணித்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஆள் உண்டு. அது நரியாகவோ முயலாகவோகூட இருக்கலாம். கைவிடப்பட்ட வளைகளில் அவை குடியேறுவது வழக்கம். ஆகவே அதிகாலையிலோ மாலையிலோ தள்ளி உட்கார்ந்து, யார் வெளியே வருகிறார்கள் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஆறு வளைகளுக்குச் சொந்தக்காரர் இருவர்தான் என்று தெரியவந்தால், கடைக்குப் போகிற அவசரமே குறைந்துவிடும்.

அதன் பிறகும் சுடத்தான் வேண்டும் என்றால், என் தெரிவு .17 எச்.எம்.ஆர். என்ற ரவை (தோட்டா) போடும் போல்ட் ரக ரைபிள், அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய வகை. ஹோர்னடி நிறுவனம் 2002இல் கொண்டுவந்த ரவை இது. சன்னத்தின் எடை 17 கிரெய்ன், அதாவது ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல். வேகமோ நொடிக்கு 770 மீட்டருக்கு மேல். காற்றில்லாத நாளில் 150 யார் (ஏறத்தாழ 137 மீட்டர்) தூரம் வரை நம்பிச் சுடலாம். காற்று வீசினால் இவ்வளவு இலேசான சன்னம் ஒதுங்கிவிடும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். சாதாரண .22 மலிவானது, பயிற்சிக்கு அருமையானது. ஆனால் 75 யாருக்கு அப்பால் அதைக்கொண்டு சுட்டால், காயம்பட்ட விலங்கு வளைக்குள் ஊர்ந்துபோய் மெல்லச் சாகும். அதைச் செய்ய நமக்கு உரிமையில்லை. .223 நல்ல ரவைதான். 200 யாருக்கும் மேலே சுட வேண்டிய பரந்த வெளிகளில் அதற்கு வேலை உண்டு; 20 ஏக்கரில், அக்கம்பக்கத்தில் வீடுகள் இருக்கும்போது, தேவையற்ற சத்தமும் செலவும்தான் மிஞ்சும்.

எந்த ரவையானாலும் இலக்குக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். சின்ன .22 சன்னமே ஒரு மைலுக்கும் அப்பால் போகக்கூடியது. கடினமான நிலத்தில் சாய்வாகப் பட்டால் தெறித்துத் திசைமாறும். வளை வாசலில் உள்ள மண்மேடு உங்கள் சூட்டைத் தாங்குகிற கோணத்தில் இடம் பிடியுங்கள். வரப்பின் மேல் வானத்தை முதுகாக வைத்து நிமிர்ந்து நிற்கும் கிரவுண்ட்ஹொக்கைச் சுடவே கூடாது.

தொலைநோக்கியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய ரைபிள்களுக்கான மலிவுத் தொலைநோக்கிகள் பெரும்பாலும் 100 யாருக்கும், .22 வகைக்கானவை 50 யாருக்கும் சரிசெய்யப்பட்டவை. தூரம் பொருந்தாவிட்டால், ரைபிளை அசையாமல் வைத்துக் கண்ணை மட்டும் ஒரு நூல் நகர்த்தினாலே குறுக்குக்கோடு இலக்கை விட்டு விலகும். வாங்குமுன் கடையில் ரைபிளை மேசைமேல் நிறுத்தி, தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். நம் இலக்கின் உயிர்நிலை இரண்டு மூன்று அங்குல அகலம்தான். தூரத்துக்கேற்ப இந்தப் பிழையைச் சரிசெய்யும் திருகுள்ள தொலைநோக்கிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணல்ல. ரைபிளில் மிச்சம் பிடித்தாவது அதை வாங்குங்கள்.

காலத்தையும் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கின்றன. ஜூனில்தான் வெளியே தலைகாட்டுகின்றன. சோயா முளைக்கிற நேரமும் குட்டி பால் குடிக்கிற நேரமும் ஒன்றாக வருகின்றன. தாயைச் சுட்டால் குட்டிகள் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும். இந்த ஆண்டு ஓரத்து இழப்பைப் பொறுத்துக்கொண்டு ஜூலை வரை காத்திருங்கள். அடுத்த ஆண்டு பனி கரைந்த கையோடு, குட்டி பிறப்பதற்கு முன் தொடங்குங்கள். புல் வளராத காலம் என்பதால் வளைகளும் தெளிவாகத் தெரியும். குத்தகை நிலம் என்பதால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துவக்கு உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. அந்தப் பகுதியில் சுடுவதற்கு உள்ளூராட்சித் தடை உண்டா என்றும் நகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இணைய விளம்பரத்தில் பழைய .22 ரைபிள் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. "தெரிந்தவர்கள்தானே, சரிபார்ப்பெல்லாம் வேண்டாம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கனடாவில் 2022 மே 18 முதல், சாதாரண ரைபிளைக் கைமாற்றும்போதும் விற்பவர் உங்கள் உரிமத்தைத் துவக்குப் பதிவாளரிடம் சரிபார்த்து, அதற்கான இலக்கத்தைப் பெற்ற பிறகே தர வேண்டும். அதைத் தவிர்க்கச் சொல்கிறவரிடம் எந்த விலையும் மலிவல்ல.

ஒழுங்காக விற்கும் ஒருவர் கிடைத்தால், ரவை இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றிக் குழாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்சுவரில் சுழன்று செல்லும் வரிகள் கூராக, பளபளவென்று தெரிய வேண்டும். சொரசொரப்பான கருமை துருவின் அடையாளம். பிறகு குழாயின் வாய் விளிம்பை உற்றுப் பாருங்கள். .22 ரைபிள்களை வாய்ப் பக்கமிருந்து துப்புரவுக் கம்பி விட்டுத் தேய்த்துத் தேய்த்தே கெடுத்திருப்பார்கள். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அந்த ரைபிள் இனி நேராகச் சுடாது. திருகுகளின் தலை சிதைந்திருந்தால், தெரியாத கை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் வைக்கப் பூட்டு வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: கொல்ல மனமில்லை. கூண்டு வாங்கிப் பிடித்து, 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள காட்டில் விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் மனம் நல்ல மனம், ஆனால் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஒன்ராறியோவில் பிடித்த காட்டு விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் விட வேண்டும். நோய் பரவாமலிருக்கவும், புது இடத்தில் வளையில்லாமல் விலங்கு திண்டாடாமலிருக்கவுமே இந்த விதி. ஒரு கிலோமீட்டருக்குள் விட்டால் திரும்பி வரக்கூடும். அதனால் கூண்டுக்குச் செலவழிக்கும் பணத்தை வேலியில் போடுவதே மேல்.

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் பயற்றங்காயும் கீரையும் போட்டிருக்கிறேன். ஒலி எழுப்பும் முளைக்குச்சி ஒன்று வாங்கிக் குத்தினேன். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்கிறது. அந்துருண்டை போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: ஒலிக்குச்சியைப் பற்றுச்சீட்டு இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள். அந்துருண்டை நஞ்சு. கனடாவில் பூச்சிகொல்லியை அதன் லேபிளில் சொன்ன வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம்; கீரைப் பாத்தி அதில் இல்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் வளவில் அதைக் கொட்டாதீர்கள்.

வேலிதான் வழி, ஆனால் சாதாரண வேலியை அது ஏறியும் கடக்கும், தோண்டியும் கடக்கும். ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரமுள்ள கம்பிவலை வாங்குங்கள். அடியில் ஓர் அடி ஆழம் புதைத்து, அந்த நுனியை வெளிப்பக்கமாக மடித்து விடுங்கள். தோண்டினால் வலையில் முட்டும். மேலே கடைசி ஓர் அடியைக் கம்பத்தில் கட்டாமல் தொளதொளவென்று விடுங்கள். ஏறி வரும்போது அது வெளிப்பக்கம் சாய்ந்து, ஏறியதைக் கீழே இறக்கிவிடும். இறுக்கிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

கேள்வி: இந்த விலங்கிடமிருந்து ஈரல் நோய் தொற்றும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கிரவுண்ட்ஹொக்குக்கு வரும் ஈரல் அழற்சி வைரஸ் நம்முடைய ஹெபடைடிஸ் பி வைரஸின் உறவுதான், ஆனால் அது மனிதருக்குத் தொற்றுவதில்லை. அந்த ஒற்றுமையால்தான் விஞ்ஞானிகள் இவ்விலங்கைத் தேடிப்போனார்கள். நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் வெங்கடேஸ்வரன் முதலியோரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வைரஸ் தொற்றிய கிரவுண்ட்ஹொக்குகளுக்குச் செலுத்திப் பார்த்தது கீழாநெல்லிச் சாறு. நம் பாட்டிமார் மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுத்த அதே கீழாநெல்லி. அதை வைத்து ஹெபடைடிஸுக்கு மருந்து என்று விற்கும் போத்தல்களை நம்பி வாங்காதீர்கள். கீழாநெல்லி அந்நோயைக் குணமாக்கும் என்ற நம்பிக்கையைப் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

அஞ்ச வேண்டியது விசர்நோய்க்குத்தான். கொறிணிகளில் அது அதிகம் காணப்படுவது இவ்விலங்கிடமே. தள்ளாடி நடந்தாலோ, ஆளைக் கண்டும் ஓடாமல் எதிரே வந்தாலோ நெருங்காதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.