எம்.டி. முடித்துவிட்டு நேரே அமெரிக்க ஃபெலோஷிப்புக்கா?

டாக்டர், இங்கே குழந்தைகள் மருத்துவ எம்.டி. முடித்த கையோடு அமெரிக்காவில் குழந்தைகள் எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் நோய்கள்) ஃபெலோஷிப், அதாவது உட்பிரிவுப் பயிற்சி, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் வாங்கினால் சில இடங்களில் எடுப்பார்கள். ஆண்டுதோறும் இடங்கள் காலியாகக் கிடக்கும் பிரிவு இது. சிக்கல் பிறகுதான். அங்கேயோ கனடாவிலோ ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) செய்யாதவரைப் போர்டு தேர்வு, அதாவது சிறப்பு மருத்துவர் என்று சான்று தரும் தேர்வு, எழுத வழக்கமாக விடமாட்டார்கள். போர்டு இல்லாமல் நல்ல வேலை கிடைப்பது பெரும்பாடு. அங்கேயே தங்குவதென்றால் 3 ஆண்டு ரெசிடென்சி, பிறகு 3 ஆண்டு ஃபெலோஷிப்; பயிற்சி மருத்துவர்களுக்கான ஜே-1 விசாவின் 7 ஆண்டு வரம்புக்குள் அடங்கிவிடும். ஃபெலோஷிப்பின் முதலாண்டு பெரும்பாலும் வார்டும் ஆன்-காலும்தான், நள்ளிரவு கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை நோயின் அவசர நிலை) அழைப்புகள் உட்பட. மீதி பெரும்பாலும் ஆராய்ச்சி. ஊர் திரும்பும் எண்ணமா? உயர்சிறப்புப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். எழுதி, சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் இதே பிரிவின் டி.எம். உயர்சிறப்புப் பட்டத்துக்கு முயலுங்கள். அதுவே மேல்.