மொறிஸ் மைனர்: எதைக் கழுவலாம், எதை மாற்றியே ஆகவேண்டும்?

கேள்வி: அப்பாவின் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 எட்டு வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. புது பற்றரி பூட்டி, பெற்றோல் ஊற்றி ஸ்ராட் செய்து பார்க்கலாமா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: வேண்டாம். ஸ்ராட்டர் குமிழை இழுக்க முன்னர் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்க ஹாண்டிலைப் போட்டு மெதுவாகக் கையால் சுற்றுங்கள். அசையாவிட்டால் பலம் பிரயோகிக்க வேண்டாம். கியரில் போட்டுத் தள்ளவே வேண்டாம். துருவில் ஒட்டிய பிஸ்ரன் றிங் அந்த இடத்திலேயே முறியும். இன்னும் சில நாள் ஊறட்டும்.

எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் மேல்மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு வால்வ் இறுகி நின்றாலும் அதைத் தள்ளும் கம்பியான புஷ் றொட் வளைந்துவிடும்.

பழைய ஒயிலை வடித்து முகர்ந்து பாருங்கள். 1990களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் என்றால் இது முக்கியம். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். பிஸ்ரன் தலையிலும் வால்விலும் கரி தடிப்பாகப் படியும். அப்படிப்பட்ட எஞ்சினில் சம்பை (ஒயில் தங்கும் அடித்தொட்டியை) கழற்றி, உள்ளே ஒயிலை உறிஞ்சும் வலையைச் சுற்றியுள்ள கறுத்த சேற்றை வழித்தெடுக்காமல் புது ஒயில் விடுவதில் பயனில்லை. ஒயில் பில்டரையும் புதிதாக மாற்றிய பிறகு 20W-50 ஒயில் சுமார் 3.7 லீற்றர் பிடிக்கும். பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி, ஒயில் விளக்கு அணைந்த பின்னர்தான் பிளக்கைப் பூட்டுங்கள். அதன் இடைவெளி 0.025 அங்குலம்.

பெற்றோல் ராங்கியைக் கழற்றி வெளியே எடுங்கள். பழைய பெற்றோல் அரக்குப்போல இறுகி அடியில் படிந்திருக்கும். அந்த ராங்கிக்குள் புதுப் பெற்றோல் ஊற்றினால் அரக்கும் துருவும் கிளம்பி பம்பையும் காபரேற்றரையும் அடைக்கும். கைப்பிடியளவு சிறு சரளைக் கல்லும் சலவைத்தூள் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கழுவி, முற்றாகக் காயவிடுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் பிடிக்கவே கூடாது. வெறும் ராங்கிக்குள் தங்கியிருக்கும் பெற்றோல் ஆவி வெடிக்கும்.

கேள்வி: பிறேக் சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றி, பெற்றோலில் கழுவிப் பூட்டினோம். இப்போது ஒருமுறை மிதித்தால் முன்சில்லு இறுகியே நிற்கிறது. ஏன்?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: பெற்றோலில் கழுவியதுதான் முதல் சந்தேகம். மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எது பட்டாலும் பிறேக் சிலிண்டருக்குள் ஒயில் கசியாமல் அடைக்கும் றப்பர் கப் ஊதிப் பருக்கும். ஊதிய கப் பிஸ்ரனைத் திரும்பி வரவிடாது. சிலிண்டருக்குள் கழுவ மெதிலேற்றட் ஸ்பிரிட் அல்லது புதிய பிறேக் ஒயில் மட்டுமே. பெற்றோல் பட்ட கப்புகளைக் கழுவி மீட்கமுடியாது, எல்லாவற்றையும் எறியுங்கள். மைனரில் முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின்சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என ஆறு சிலிண்டர். பெடல் அழுத்தும் மாஸ்ரர் சிலிண்டரையும் மறக்கவேண்டாம். அது ஓட்டுநரின் காலடித் தட்டுக்குக் கீழே இருக்கிறது.

புது கப் போடமுன் சிலிண்டரின் உட்சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் கீழே தங்குவதால் சிலிண்டரின் அடிப்பக்கத்தில்தான் துருக்குழி விழும். நகம் தடக்காத கறை என்றால் மெல்லிய ஹோன் கல்லால் தேய்த்தெடுக்கலாம். நகம் தடக்கினால் அந்தச் சிலிண்டரை மாற்றுங்கள், அல்லது லேத் பட்டறையில் துருப்பிடிக்காத உருக்கு ஸ்லீவ் இறக்குங்கள். குழி மறையும்வரை ஹோன் செய்தால் துளை பெருத்து, புதுக் கப்பும் கசியும்.

கப் மாற்றியும் சில்லு இறுகினால் இப்படிச் சோதியுங்கள். பிறேக்கை மிதித்து விட்ட பின், இறுகிய சில்லின் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகை) சற்றுத் திறவுங்கள். ஒயில் பீறி வந்து சில்லு விடுபட்டால் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது. மறுபடி மிதித்து, இந்தமுறை நிப்பிளைத் தொடாமல், றப்பர் குழாய்க்கு முந்திய இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்துங்கள். அதில் விடுபட்டால் கோளாறு மாஸ்ரர் சிலிண்டர் பக்கம்: ஒயில் திரும்பும் சிறு துவாரம் அடைத்திருக்கும், அல்லது பெடலுக்குச் சற்று ஆட்டம் விடப்படாமல் இருக்கும். அங்கே தளர்த்தியும் விடுபடாமல் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபட்டால் றப்பர் குழாய்தான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்சுவர் உரிந்து, ஒயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது. காரில் இப்படி மூன்று குழாய் உண்டு. ஒன்று போனால் மூன்றையும் மாற்றுங்கள், விலையைப் பார்க்கவேண்டாம்.

ட்ரமுக்குள் இருக்கும் தூசை காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

கேள்வி: திருப்பும்போது முன்பக்கம் 'கடக்' என்கிறது. கிறீஸ் அடித்தால் போதும் என்கிறார் மெக்கானிக். போதுமா?
– வவுனியா வாசகர்

பதில்: கிறீஸ் அடித்ததும் சத்தம் நின்றாலும் நம்பி ஓடவேண்டாம். மைனரின் முன்சில்லைத் தாங்கும் 'பின்' (pin) என்னும் நிமிர்ந்த தண்டு, மேலும் கீழும் ட்ரனியன் என்னும் துண்டுகளுக்குள் திருகுப் புரியால் பூட்டப்பட்டிருக்கிறது. சில்லு திரும்பும்போது இந்தப் புரிதான் சுழல்கிறது. காரின் பாரமும் இதன்மேல்தான். கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து, ஒருநாள் பின்னின் கீழ்முனை கழன்று, சில்லு மட்காட்டுக்குக் கீழே மடிந்து விழும். பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போதுதான் இது நடக்கும். வேகத்தில் நடந்தால் நிலைமை என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

ஜக் வைத்துச் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, கீழே தாங்கியும் கொடுங்கள். ரயருக்கடியில் இரும்புக் கம்பியைக் கொடுத்து மேலே நெம்பும்போது, இன்னொருவர் பின்னும் ட்ரனியனும் சேருமிடத்தை ரோச் அடித்துப் பார்க்கட்டும். அங்கே மேல்கீழ் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் மாற்றவேண்டியதுதான். தேய்ந்த பின்னில் புது ட்ரனியன் மாட்டிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். வலதுக்கும் இடதுக்கும் வேறு துண்டு என்பதால் வாங்கும்போது கவனம். சில்லைத் தாங்கும் கீழ்க்கை, வில்லாக வேலைசெய்யும் முறுக்குக் கம்பியின் விசையில் இருப்பதால், ஜக்கால் தாங்காமல் கழற்றினால் அடித்துவிடும்.

மாற்றிய பிறகு 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ். சில்லை உயர்த்திவிட்டு அடியுங்கள். பாரம் இருக்கும்போது அழுத்துப்படும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பழைய ட்ரையம்ப் கார்களில் இதே இடத்துக்குக் கியர் ஒயில் விடுவார்கள். மைனருக்கு அது பொருந்தாது.

கேள்வி: எஸ்யூ காபரேற்றரின் பிஸ்ரன் கறுத்திருக்கிறது. மண்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– மட்டக்களப்பு வாசகர்

பதில்: கூடவே கூடாது. பிஸ்ரனும் மேலிருக்கும் கூடும் ஒன்றையொன்று தொடாமல், நூலிழை இடைவெளியில் ஓடவேண்டியவை, சோடியாகப் பொருத்தப்பட்டவை. ஒரு காரின் பிஸ்ரனை இன்னொரு காரின் கூட்டில் போட்டாலே இறுகும். பெற்றோலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால் 'டொக்' என்று விழவேண்டும். விழாவிட்டால் பிஸ்ரனின் அடியிலுள்ள ஊசி, பெற்றோல் வரும் ஜெட் துளையின் நடுவில் இல்லை, அல்லது வளைந்திருக்கிறது. நடுத்தண்டுக்குள் மெல்லிய SAE 20 ஒயில் விடுங்கள்.

கேள்வி: ரேடியோ பூட்டியதும் எரிந்துவிட்டது. வயரிங் பழசா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: அநேகமாக வயரிங் காரணமில்லை. மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு எர்த் செய்யப்பட்டது. இக்காலத்து ரேடியோவும் இலத்திரனியல் இக்னிஷனும் நெகற்றிவ் எர்த்துக்கே செய்யப்பட்டவை. மாறிப் பூட்டினால் உடனே எரியும். காரை மாற்ற விரும்பினால் பற்றரி முனைகளையும் கொயில் வயர்களையும் மாற்றிப் பூட்டி, டைனமோவை மறுபடி காந்தமேற்றவேண்டும். அதற்கு டைனமோவின் எஃப் (F) முனையிலிருக்கும் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பொசிற்றிவ்விலிருந்து எடுத்த ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று தடவை தொட்டெடுத்தால் போதும்.