கனடா விண்ணப்பம் நிராகரிப்பு: இல்லாத ‘அப்பீலுக்கு’ 6 இலட்சமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் 5 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். கணவர், ஒரு பிள்ளை. ஏஜென்சி ஒன்றின் மூலம் கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பித்து, அழைப்பும் வந்தது. 9 நாளுக்கு முன் நிராகரித்துவிட்டார்கள். வேலை அனுபவத்தில் திருப்தி இல்லையாம். வைத்தியசாலை இப்போது விளக்கமான கடிதம் தர ஆயத்தம். அதைவைத்து அப்பீல் போடலாம், 6 இலட்சம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். போடலாமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: காசைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது புள்ளி போட்டு ஆள் தெரிந்து, நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்க அழைக்கும் முறை. அதன் நிராகரிப்புக்கு அப்பீல் என்று ஒன்று கனடாச் சட்டத்தில் இல்லை. மனைவியை ஸ்பொன்சர் செய்து மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அகதிக் கோரிக்கைக்கும் உண்டு. ‘மாமாவின்ர கேஸ் அப்பீலில வென்றது’ என்ற கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள்ள மதிப்பைத்தான் உங்களிடம் காசாக்கப் பார்க்கிறார்கள்.

முதலில் நிராகரிப்புக் கடிதத்தை முழுதாகக் கையில் எடுங்கள். வட்ஸ்அப்பில் ஏஜென்ட் சொன்ன சுருக்கம் போதாது. கடிதத்தில் சட்டப் பிரிவு இலக்கங்கள் இருக்கும். 75(2) என்றிருந்தால், நீங்கள் சொன்ன தொழிலைத்தான் செய்தீர்கள் என்று கடதாசியில் தெரியவில்லை என்று பொருள். 11.2 என்றால், அழைப்புக்குக் காரணமான தகுதியோ புள்ளியோ நிரூபிக்கப்படவில்லை. 40 என்றிருந்தால் கதையே வேறு: பொய்த் தகவல், 5 வருடத் தடை. ‘ஏஜென்ட் போட்டது, எனக்குத் தெரியாது’ என்பது பெரும்பாலும் எடுபடாது. 40ஐக் கண்டால் கீழே நான் எழுதுவதை விட்டுவிட்டுக் கனடாச் சட்டத்தரணி ஒருவரிடம் நேரே போங்கள்.

உங்களுடையது 75(2) என்றே நினைக்கிறேன். அதற்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, கனடாவின் பெடரல் நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு, அதாவது அதிகாரியின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிபதி பார்ப்பது. வழக்குக்கே முதலில் அனுமதி கேட்கவேண்டும். தாக்கல் கட்டணம் 50 கனடிய டொலர்தான்; சட்டத்தரணியின் கட்டணம் ஆயிரக்கணக்கில் போகும். வென்றாலும் நீதிபதி விசா தரமாட்டார், இன்னொரு அதிகாரி திரும்பப் பார்க்கட்டும் என்பார். முக்கியமாக, உங்கள் புதிய கடிதம் அங்கே செல்லாது. முடிவெடுத்த அன்று அதிகாரியின் முன் என்ன இருந்ததோ, அதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும்.

ஆனால் வழக்கு நிற்கக்கூடிய ஒரு நிலை இருக்கிறது. நீங்கள் முதலில் கொடுத்த கடிதம் ‘போதாது’ என்று அதிகாரி நினைத்தால் உங்களிடம் கேட்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நிறைவாகக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. கடிதம் ‘உண்மையா’ என்று சந்தேகித்தால் மட்டும் கேட்டாகவேண்டும், பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும். கேளாமலே மறுத்திருந்தால் அது வழக்குக்கு நல்ல காரணம். உதாரணத்துக்கு, ‘கடமைகள் விபரிக்கப்படவில்லை’ என்று எழுதினால் அது போதாமை. ‘கடமைகள் அரசின் தொழில் விபரத்திலிருந்து அப்படியே பிரதி எடுக்கப்பட்டவை, எனவே நம்பகமில்லை’ என்று எழுதினால் அது பெரும்பாலும் சந்தேகத்தின் பக்கம். ஒரே கடிதம்தான், ஆனால் அதிகாரி போட்ட சொல்லால் உங்கள் நிலை மாறுகிறது. அந்தச் சொல் நாலு வரி நிராகரிப்புக் கடிதத்தில் அநேகமாக இராது. அதிகாரியின் உள்குறிப்பில் இருக்கும்.

உள்குறிப்பைப் பெற இப்போது ஒருவரின் தயவும் வேண்டாம். 2022 ஜூலையிலிருந்து, கனடாவுக்கு வெளியே இருப்பவரும் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் தன் கோப்பை இலவசமாகக் கேட்கலாம். இதற்கு 50,000 ரூபா வாங்குபவரிடம் போகாதீர்கள். சட்டப்படி 30 நாளில் வரவேண்டும்; பிந்துவதும் உண்டு. வழக்குக் கெடுவோ உங்களுக்காகக் காத்திராது. கனடாவுக்கு வெளியே எழுந்த விடயத்துக்கு அறிவித்த நாளிலிருந்து 60 நாள், உள்ளே எழுந்ததற்கு 15 நாள். உங்கள் கோப்பைக் கனடாவிலேயே இருந்து ஒரு அதிகாரி பார்த்திருக்கலாம் என்பதால், கவனமான சட்டத்தரணி 15 என்றே எண்ணுவார். அப்படியானால் உங்களுக்கு 6 நாள் மிச்சம். குறிப்பு வரட்டும் என்று இருக்கவேண்டாம். அனுமதி விண்ணப்பம் போட்டால் காரணங்களை நீதிமன்றமே குடிவரவுத் திணைக்களத்திடம் கேட்டு எடுக்கும்.

இரண்டாவது வழி, மீள்பரிசீலனை கேட்டு இணையப் படிவத்தில் எழுதுவது. கட்டணமில்லை, பதில் வரும் என்ற உத்தரவாதமுமில்லை, வழக்குக்கான கெடு நாளும் நிற்காது. நீங்கள் ஏற்றிய ஆவணத்தையே அதிகாரி பார்க்காமல் விட்டிருந்தால் எழுதலாம். மற்றப்படி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

நல்ல கடிதம் கையில் இருக்கிறதென்றால் மூன்றாவதுதான் உங்கள் வழி: புதிய விண்ணப்பம். ஆனால் பழைய அழைப்பு முடிந்துவிட்டது. புதிய சுயவிபரம் போட்டு மீண்டும் அழைப்பு வரவேண்டும். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு 2 வருடம், கல்வி மதிப்பீடு 5 வருடம் செல்லும், திகதிகளைப் பாருங்கள். 30 வயதிலிருந்து 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சுமார் 5 புள்ளி போகும்.

இனிக் கடிதம். கனடாவின் தொழில் குறியீட்டில் பதிவுபெற்ற தாதி 31301, தாதி உதவியாளர் 33102, வீட்டுப் பராமரிப்பாளர் 44101. இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள்: அது 0 முதல் 3 வரை இருந்தால்தான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. ‘நோயாளரைப் பராமரித்தல், கட்டில் விரித்தல், வைத்தியருக்கு உதவுதல்’ என்று எழுதினால் நீங்களே உங்களை 31301இலிருந்து கீழே இறக்குகிறீர்கள். செய்வதை எழுதச் சொல்லுங்கள்: 12 கட்டில் விடுதியில் இரவுக் கடமை, கனுலா போடுவது, மருந்தின் அளவு சரிபார்த்துக் கொடுப்பது, சத்திரசிகிச்சை முடிந்து வந்தவரின் குருதி அமுக்கம் பதிவது, நிலை மோசமானால் வைத்தியரை அழைப்பது. ஏஜென்சிகள் ஒரே மாதிரியை எல்லாத் தாதிமாருக்கும் பெயர் மாற்றிக் கொடுக்கிறார்கள், அதுவும் கனடா அரசின் இணையத்தளத்தில் உள்ள வரிகளை அப்படியே போட்டு. அதிகாரி அந்த வரிகளைத் தினமும் பார்ப்பவர்.

வைத்தியசாலையின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளில், ஒப்பமிடுபவரின் பெயர், பதவியோடு, வேலை தொடங்கிய திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடச் சம்பளம், கொடுப்பனவுகள் எல்லாம் வேண்டும். தொடர்ச்சியாக ஒரு வருடம், 1,560 மணித்தியாலமாவது தெரியவேண்டும். சம்பளமில்லாத பயிற்சிக் காலம் கணக்கில் வராது. தொலைபேசி இலக்கத்தில் யார் எடுப்பார் என்பதையும் பாருங்கள். அங்கிருந்து அழைப்பு வரும்போது வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை ‘அப்படி ஒராள் இங்க இல்லை’ என்றால் முடிந்தது கதை.

கடிதத்துக்குத் துணையாகச் சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு அறிக்கை. உங்களிடம் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் கட்டியிருக்கவேண்டும். கட்டாத தனியார் இடங்கள் இங்கே எத்தனையோ. சம்பளத்தைக் குறைத்துக் காட்டிக் கட்டியிருந்தால் கடிதத்திலுள்ள தொகையோடு முட்டும். ஏன் என்று முதலாளியிடமே ஒரு விளக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

அடுத்து விழும் இடம் காசு. அங்கே குடியேறிச் சமாளிக்கக் கையில் இருப்பதாகக் காட்டவேண்டிய தொகை அது. 3 பேருக்கு 2025 ஜூலையில் வந்த அளவு 23,360 கனடிய டொலர், வருடாவருடம் மாறும். 6 மாதச் சராசரி இருப்பை வங்கிக் கடிதம் காட்டவேண்டும், கடன் வாங்கிய காசு செல்லாது. அண்ணா உண்டியலில் (வங்கியில்லாமல் ஆள் மூலம்) அனுப்பி நீங்கள் கையில் வாங்கி வைப்பிலிட்டால், எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டும் இராது. வங்கி வழியாகவே வரட்டும், அன்பளிப்புக் கடிதத்தோடு.

‘கனடாவில வேலைக் கடிதம் எடுத்துத் தாறம், புள்ளி கூடும்’ என்று யாரும் வந்தால், வேலை வாய்ப்புக்கான புள்ளியை 2025 மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்புங்கள். சுவரில் தொங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக அனுமதிப்பத்திரம் வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு. கனடாக் குடிவரவுக் கோப்பைக் காசுக்குக் கையாள அது செல்லாது. அதற்குக் கனடாச் சட்டத்தரணியாகவோ, அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினராகவோ இருக்கவேண்டும். பெயரைக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.

நிராகரிப்பு இனி உங்கள் கோப்பில் இருக்கும். புதிய படிவத்தில் ‘முன்பு மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதுங்கள். மறைத்தால்தான் அந்த 40 வரும். கணக்கின் கடவுச்சொல்லும், ஏற்றிய ஆவணங்களின் முழுப் பிரதியும் இன்றைக்கே ஏஜென்டிடம் கேளுங்கள். தரமறுத்தால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள், சட்டத்தரணிக்குத் தேவைப்படும்.